எளாவூரில் பார்க்க வேண்டியவை

தூங்குகிறவர்களிடம் ஊர்ப் பெருமை பேசுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரும் நான் தூங்கிய ரயில் பெட்டியில்தான் இருந்தார். என் ஜாதகம் அப்படி.

எழுபதுகளின் பிற்பகுதி. கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். அதில் குழாய் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு டெஸ்பாட்ச் கிளார்க் வேலை. வேலை என்று கூடச் சொல்லக் கூடாது, ப்ரொபேஷன். ஆறு மாதம் ஒழுங்காகப் போனால் நிரந்தரம். அதற்குள் மூன்று தடவை லேட்டாகப் போனால் நாலாவது தடவை வர வேண்டிய அவசியமே இருக்காது என்று முதல் நாளே டைம் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் எனக்கு இரண்டு லேட் ஆகியிருந்தது. ஒன்று டவுன் பஸ் செய்த வேலை. இன்னொன்று என் மகள் செய்த வேலை. பிறந்து மூன்றே மாதமான அவள் பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவில் ஆட்சி நடத்தினாள்.

ஆகவே எனக்குத் தூக்கம் என்று இருந்தது தண்டையார்பேட்டையில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும் வரை மட்டும்தான். கூடூர் போகும் கரி வண்டி அது. பெஞ்சு மரம், கண்ணில் கரித்தூள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நிம்மதியான நிறுத்தம். அதைவிட நல்ல படுக்கை எனக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை. பெட்டியில் இருந்த நாற்பது பேருக்கும் அதே கதைதான். வெல்டர், ஃபிட்டர், பேக்கிங் ஆள் எல்லாருக்கும் எட்டு மணி ஷிப்ட். உட்கார இடம் கிடைத்தவன் உட்கார்ந்து தூங்குவான், கிடைக்காதவன் நின்றுகொண்டே தூங்குவான்.

கதவோரத்தில் ஒருவர் மட்டும் தூங்க மாட்டார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, கையில் நீளமாக ஒரு நோட்டு. கயிறு கம்பெனியில் ஸ்டோர் ஹெல்பர். சொந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் வயதானவர்களை நைனா என்பார்கள். இவர் வாயைத் திறந்தாலே 'அடுத்தது' என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் 'அடுத்தது நைனா' ஆகிவிட்டார்.

"அடுத்தது அத்திப்பட்டு. பாக்க வேண்டியது உப்பளம். பனி பாக்கறதுக்கு காஷ்மீருக்கு அவ்ளோ தூரம் போறானுங்க. அது உருகிப் பூடும். இது உருகாது. வேணும்னா ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் கொழம்புல போட்டுக்கலாம்."

கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. திருவொற்றியூர் வந்தால் மட்டும் ஒரு வரியில் முடித்துக்கொள்வார். கோயிலைத்தான் உலகத்துக்கே தெரியுமே, அதற்கு நான் எதற்கு என்பது அவர் கட்சி. யாரும் சீண்டாத ஊர்தான் அவருக்கு வேண்டும்.

"அடுத்தது அனுப்பம்பட்டு. இங்க பாக்கறதுக்கு ஒண்ணியும் இல்ல. அதான் விசேஷம். மெட்ராசுக்கு இம்மாம் பக்கத்துல ஒண்ணியும் இல்லாத ஊரு இன்னொண்ணு காட்டு, பாக்கலாம்."

பொன்னேரிக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். "எறங்கி பஸ்ஸ புடிச்சா பழவேற்காடு. ஏரில பூநாரை ஒத்தைக் கால்ல நிக்கும். நின்னுக்கினே தூங்கும். உங்களாட்டம்தான். ஆனா அது பாக்க அழகா இருக்கும்."

கவரைப்பேட்டைக்குக் கண்ணே வேண்டாம், மூக்கைத் திறந்து வைத்தால் போதும், நெல் அவிக்கிற வாசனை என்பார். கடைசியில் குரல் மாறும். "அடுத்தது கும்மிடிப்பூண்டி. பாக்க வேண்டியது டைம் ஆபீஸ் கடியாரம். எழுந்திருங்க."

இந்த ஞானமெல்லாம் சீசன் டிக்கெட் கொடுத்தது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் சீசன் வைத்திருப்பவன் நடுவில் எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம் அல்லவா? வாராந்தர லீவு நாளில் மற்றவன் வீட்டில் காலை நீட்டுவான். நைனா ஒரு ஸ்டேஷனில் இறங்குவார். சுற்றிப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். சீசன் டிக்கெட் கும்மிடிப்பூண்டியோடு முடிந்துவிடுவதால் அவருக்கு உலகமும் அங்கேயே முடிந்துவிட்டது.

திருவொற்றியூரில் ஏறும் வெல்டர் ஏசுதாஸ் ஒரு லீவு நாளில் அவரோடு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்ப் படாதபாடு பட்டுத் திரும்பினான். கொளுத்துகிற வெயிலில் இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பார்த்தார்களாம்.

"இன்னா நைனா, தண்ணி கடலுக்குப் போய்க்கினு இருக்குது. அவ்ளோதானே?" என்றிருக்கிறான்.

"பொறு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல திரும்பி வரும்" என்றாராம் நைனா.

ஏசுதாஸ் அதற்குப் பிறகு லீவு நாளில் வீட்டுக் கதவைத் திறப்பதையே நிறுத்திவிட்டான்.

இவ்வளவும் எதற்காக என்று ஒருநாள் கேட்டேன். தண்டவாளத்தின் ஓரமாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டினார்.

"கரண்ட் வண்டி வரப்போவுது தம்பி. வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழமை மெட்ராஸ் ஜனம் பூரா இந்தப் பக்கம்தான். எங்க எறங்கி இன்னா பாக்கறதுன்னு சொல்றதுக்கு ரயில்வேக்கு ஒரு ஆள் வாணாமா? நோட்டு முடிஞ்சதும் மனு எழுதி சேத்துக் குடுக்கப் போறேன். பதினோரு வருசமா சொல்றேன், ஒரு ஸ்டேஷன் மாத்திச் சொன்னதில்ல."

அவரிடம் இன்னொரு விநோதம் உண்டு. யாரையும் தொட்டு எழுப்ப மாட்டார். "தூங்கறவன தொடக்கூடாது, பயந்துக்குவான். காதுல போட்டா அது உள்ள போய் தானே எழுப்பும்" என்பார்.

எங்களுக்கு அது விளங்கவில்லை. என் ஐந்தாம் மாதத்தின் கடைசி வாரம் எல்லாக் கம்பெனியிலும் ஓவர்டைம். என் மகளுக்குக் காய்ச்சல் வேறு. மூன்று நாளாகக் கண்ணை மூடாதவன், வண்டியில் ஏறி அப்பாடா என்று சாய்ந்தேன். சரியாக அத்திப்பட்டில் காஷ்மீர் ஆரம்பித்தது. அவ்வளவு வருஷமும் எனக்குள்ளே இருந்த நல்லவன் அந்த இடத்தில் இறங்கிப் போய்விட்டான்.

"நைனா, போதும். யாராவது கேட்டாங்களா உங்களை? மனுஷன் தூங்கறதா வேணாமா?" என்றேன். தூக்கக் கலக்கத்தில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஆமா நைனா, பேஜாராகீது. பக்கத்துப் பொட்டில போய் சொல்லேன்" என்றான் ஏசுதாஸ். கண்ணைத் திறக்காமலே இன்னும் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

நைனா கோபப்படவில்லை. நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். "சரி தம்பி. நாளைலேர்ந்து அங்க சொல்லிக்கிறேன்" என்றார். 'அடுத்தது கும்மிடிப்பூண்டி, எழுந்திருங்க' என்பதைத் தவிர அன்றைக்கு வேறு எதுவும் சொல்லவில்லை. ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நான் நினைத்தேன்.

மறுநாள் ஐப்பசி அடைமழை. ஜன்னல் பலகைகளை எல்லாம் இறக்கிவிட்டதில் பெட்டி இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. சத்தம் இல்லை, உப்பளம் இல்லை, பூநாரை இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. தூக்கத்தின் அடியில் பழகிய குரல் கேட்டது.

"அடுத்தது எளாவூர்."

சுகமாகப் புரண்டு கொடுத்தேன்.

"பாக்க வேண்டியது..."

குரல் நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக நிற்காத குரல் நின்றதுதான் என்னை எழுப்பியது. கண்ணைத் திறந்தேன். கதவோரத்தில் நைனா சொட்டச் சொட்ட நனைந்து நின்றிருந்தார். நோட்டைத் திறந்து வைத்து வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை தம்பி. இந்த ஊர்ல இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியலை" என்றார்.

கும்மிடிப்பூண்டி தாண்டிவிட்டது. நாற்பது பேரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தோம். நடந்தது இதுதான்: நைனா பக்கத்துப் பெட்டியிலிருந்து கும்மிடிப்பூண்டியில் இறங்கியிருக்கிறார். எங்கள் பெட்டியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. வண்டி ஊதிவிட்டது. அவர் ஓடி வந்து எங்கள் பெட்டியில் ஏறிவிட்டார். அவருக்கும் எட்டு மணி ஷிப்ட்தான்.

"தட்டி எழுப்பக் கூடாதா நைனா?" என்று அலறினான் ஏசுதாஸ்.

"தொடக்கூடாதில்ல" என்றார்.

எளாவூர் ஸ்டேஷன் மாஸ்டர் தன் வேலைக் காலத்தில் அவ்வளவு கூட்டத்தை ஒருசேரப் பார்த்திருக்க மாட்டார். நாற்பத்தோரு பேர், ஒருவரிடமும் அந்த ஊருக்கு டிக்கெட் இல்லை.

"எல்லாருமா தூங்கினீங்க?" என்று கேட்டார்.

"நான் தூங்கலை சார்" என்றார் நைனா.

அது அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. போய்த் தொலையுங்கள் என்று வழியைக் காட்டினார். சேற்றில் நடந்து ரோட்டுக்கு வந்து, சவுக்குக் கட்டை ஏற்றி வந்த லாரி ஒன்றின் மேல் தொற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். மற்றவர்கள் எல்லாம் நிரந்தரமானவர்கள், ஒரு திட்டோடு போய்விடும். எனக்கு அது மூன்றாவது லேட். கட்டை மேல் உட்கார்ந்து வந்த வழியெல்லாம் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கயிறு கம்பெனி கேட் முதலில் வரும். நைனா உள்ளே போகவில்லை, என் பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் நடந்தேன்.

டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "மூணு" என்றார்.

நைனா முன்னால் வந்தார். "சார், தப்பு இந்தப் புள்ளைது இல்ல. வண்டில ஸ்டேஷன் சொல்றது நான்தான். என்னைக் கேட்டுத்தான் எல்லாரும் எறங்குவாங்க. இன்னிக்கு கும்மிடிப்பூண்டி வந்தப்போ கவரைப்பேட்டைன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். நைனா என் காலை மிதித்தார். யாரையும் தொடாத மனிதர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

டைம் கீப்பருக்கும் அவரைப் பற்றிக் கேள்வி ஞானம் இருந்திருக்க வேண்டும். "அந்த அடுத்தது நைனா நீதானா? நீ மாத்திச் சொல்ல மாட்டேன்னு இல்ல சொல்வாங்க?"

"சொல்லிட்டேன் சார். வயசாவுது."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். நைனா தன் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்தார். எளாவூருக்காகத் திறந்து வைத்திருந்த அந்த வெற்றுப் பக்கம்தான். நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது மட்டும், "இது ரயில்வேக்குப் போவுமா சார்?" என்று கேட்டார்.

"எங்கயும் போகாது. ஃபைல்ல இருக்கும்" என்றார் டைம் கீப்பர். என் பெயருக்கு நேரே ஏதோ எழுதி அடித்துவிட்டு, உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஒரு மாதத்தில் என் வேலை நிரந்தரமானது. நைனா மறுநாளே எங்கள் பெட்டிக்கு வந்துவிட்டார். நாங்கள்தான் போய்க் கூட்டி வந்தோம். காஷ்மீரையும் பூநாரையையும் கேட்டுக்கொண்டே முன்னைவிட நன்றாகத் தூங்கினோம். ஆனால் நோட்டு முடிந்தும் அவர் மனு எழுதவில்லை. நான் எழுதித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"அது எப்டி தம்பி? மாத்திச் சொல்லிட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன். அப்பால மாத்திச் சொல்லாதவன்னு மனு போட்டா பொய்யாப் பூடாதா?"

"அதுதானே நைனா பொய்?"

"கையெழுத்து நெஜம்தானே?" என்றார்.

கரண்ட் வண்டி வந்தது. யாரும் எந்த ஊரைப் பற்றியும் சொல்லவில்லை, ஜனங்களும் கேட்கவில்லை. நைனா ஓய்வு பெற்ற அன்று நோட்டை என்னிடம் கொடுத்தார். வீட்டில் போய்ப் பிரித்தேன். கிழித்த தாளின் மிச்சத்துக்கு அடுத்த பக்கத்தில், புதிய மையில் எழுதியிருந்தார். சீசன் செல்லாத ஊருக்கு டிக்கெட் எடுத்து, ஒரு லீவு நாளில் தனியாகப் போய் வந்திருக்கிறார்.

'எளாவூர். பார்க்க வேண்டியது: நாற்பது பேர் தூங்கி எழுந்த பிளாட்பாரம்.'

இப்போதும் நெல்லூர்ப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் அந்த வழியில் கண்ணை மூடுவதில்லை. கும்மிடிப்பூண்டி தாண்டியதும் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வேன். அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று மனைவி கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். வண்டி அங்கே நிற்பதுகூட இல்லை. ஆனாலும் அந்த பிளாட்பாரம் கடந்து போகும் வரைக்கும், நனைந்த காக்கிச் சட்டை ஒன்று கண்ணில் படுமா என்று பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.