பதினைந்து முத்திரை

"இறங்குங்க ஐயா, ஆஸ்பத்திரி வந்திடுச்சு."

"வந்தா வந்துட்டுப் போகட்டும். நான் இறங்கப் போறதில்ல."

சிக்ளோ என்கிற சைக்கிள் ரிக்ஷாவின் முன்பக்க மெத்தையில் வலது காலைத் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மொரீஸ். பின்னால் உயரமான ஸீட்டிலிருந்து குதித்து இறங்கிய சிக்ளோக்காரன் ஸாவ், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். அவனுக்கு வியட்நாமியத்தில் கெஞ்சத் தெரியும். மொரீஸுக்கு அதே பாஷையில் மறுக்கத் தெரியும். சைகோனில் இருபது வருஷம் இருந்தவருக்கு இதுகூட வராமல் இருக்குமா?

காரைக்காலில் பிறந்து, ரப்பர் கம்பெனியில் குமாஸ்தாவாகி, மனிதர் பிழையில்லாமல்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாத்துக் கூட்டத்துக்கு வழிவிடப் போய் ஸொலெக்ஸ் மொபெட் வண்டியோடு சாய்ந்தார். வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் முழங்கால் மட்டும் சேதி தெரியாததுபோல விறைத்தே நின்றது.

மூன்று வாரத்தில் மகள் ஜூலியேத்துக்குக் கலியாணம். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை பெண்ணைக் கைபிடித்து நடத்திப் போக வேண்டும். பீடத்தின் முன்னால் முழந்தாளிட வேண்டும். முடியாவிட்டால்?

"நீ ஏன் கவலைப்படுற மாப்ள? முடியலைன்னா பொண்ணை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று ஆறுதல் சொல்லியிருந்தார், மனைவியின் அண்ணன் கப்ரியேல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எவ்வளவு மேலே என்று யாரும் கேட்பதில்லை. வாத்து கொடுத்த வலியைவிட இந்த ஆறுதல் கொடுத்த வலி அதிகம்.

டாக்டர் பதினைந்து நாள் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். கினே என்று பிரெஞ்சில் சுருக்கமாகச் சொல்வார்கள். மருந்தில்லாமல், உடம்பை மடக்கி நீட்டியே குணமாக்குகிற வைத்தியம். முதல் நாள் மொரீஸ் நம்பிக்கையோடுதான் போனார். ஹான் என்று ஒரு பெண், நாற்பது கிலோ தேறாது, "கொஞ்சம் வலிக்கும், முசியே" என்று சிரித்துவிட்டு முழங்காலை இரண்டே விரல்கடை மடக்கினாள். மொரீஸ் போட்ட சத்தத்தில், பக்கத்து வார்டில் அழுதுகொண்டிருந்த குழந்தை மரியாதையாக நிறுத்திக்கொண்டது.

அதனால்தான் இரண்டாம் நாள் இறங்க மறுத்தார்.

ஆனால் சும்மா திரும்பவும் முடியாது. கையில் ஒரு சீட்டு இருந்தது. கம்பெனி கொடுத்த சீட்டு, பதினைந்து கட்டம். போகிற ஒவ்வொரு நாளும் நீல முத்திரை. அதைச் சாயங்காலம் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மனைவி அந்துவானேத்தின் வேலை.

மொரீஸ், இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்ற ஸாவைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி ஸாவைப் பார்த்தார்.

"ஏண்டா, உனக்கு இடுப்பு வலியா?"

"பன்னண்டு வருஷமா மிதிக்கிறேன் ஐயா. வேற என்ன இருக்கும்?"

"அப்ப நீ போயிட்டு வா. பேரு கேட்டா மொரீஸ்னு சொல்லு."

"இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டா?"

"அப்பா காரைக்கால், மூஞ்சி அம்மா மூஞ்சின்னு சொல்லு."

சைகோனில் இதை யாராலும் மறுக்க முடியாது. பாதிக் குடும்பம் அப்படித்தான்.

அரை மணியில் ஸாவ் திரும்பி வந்தான். முகத்தில் ஞானஸ்நானம் வாங்கியவன்போல ஒரு தெளிவு.

"முத்திரை?"

"குத்திட்டாங்க. முதுகைப் பிடிச்சுவிட்டாங்க ஐயா! என்ன சுகம்!"

"சீட்டுல முழங்கால்னு போட்டிருக்கே?"

"எல்லாம் ஒரே உடம்புதானேன்னாங்க."

மொரீஸுக்கு இந்த மருத்துவத்தின் மேல் இருந்த மிச்ச மரியாதையும் போயிற்று.

மூன்றாம் நாள்தான் சிக்கல். ஸாவ் உள்ளே போன சற்று நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட போலீஸ்காரர் ஒருவர் விசிலோடு வந்தார்.

"வண்டியை எடு. இங்க நிறுத்தக் கூடாது."

"வண்டிக்காரன் உள்ள போயிருக்கான்."

"அது எனக்குத் தெரியாது. கட்டடத்தைச் சுத்திக்கிட்டே இரு. நின்னா வண்டி ஸ்டேஷனுக்குப் போயிடும்."

ஏழையின் வண்டி. மொரீஸ் நல்லவர், அதுதான் அவருடைய கஷ்டம். தடியை மெத்தையில் போட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பின்ஸீட்டில் ஏறினார். நல்லவேளை, ஸீட் வானத்தில் இருந்தது. கால் அவ்வளவாக மடங்க வேண்டியிருக்கவில்லை. இடது காலால் மிதித்தார், வலது கால் கூடவே போய் வந்தது. ஒரு சுற்றுக்கு ஒன்பது தடவை "மொன் தியே" என்றார். கடவுள் காதில் விழுந்ததோ இல்லையோ, போலீஸ்காரர் தலையை ஆட்டி வழிவிட்டார்.

மறுநாளும் அதே போலீஸ்காரர் அதே மணிக்கு வந்தார். அதற்கடுத்த நாளும். இந்த ஊரில் வேறு குற்றமே நடப்பதில்லையா என்று மொரீஸுக்கு ஆத்திரமாக வந்தது. போதாக்குறைக்கு ஸீட் வேறு.

"டேய் ஸாவ், நேத்தைக்கு இது இன்னும் உயரமா இருந்ததே?"

"ஸ்குரூ தேஞ்சு போச்சு ஐயா. தினம் ஒரு விரல்கடை தானா இறங்குது."

"மாத்தித் தொலையேன்!"

"நாளைக்குக் கட்டாயம்."

அந்த நாளை வரவேயில்லை. முழங்கால் தினம் ஒரு விரல்கடை கூடுதலாக மடங்க வேண்டியதாயிற்று.

தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? அதற்கும் ஒரு யோசனை செய்தார். ஸாவின் ஓலைத்தொப்பியைக் கண்வரை இழுத்து, கழுத்துத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். விளைவு, அசல் சிக்ளோக்காரனாகவே ஆகிவிட்டார். ஏழாம் நாள் ஒரு கிழவி பென் தான் சந்தைக்குப் போக வேண்டும் என்று ஏறி உட்கார்ந்தாள். மடியில் கூடை நிறைய வாத்து. மொரீஸ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரைக்கால் வெளியே வந்துவிடும். வழியெல்லாம் வாத்துகள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. பழைய பழக்கம்.

வீட்டில் மட்டும் வழக்கம்போலத் தடியை ஊன்றி, "அம்மா" என்று முனகிக்கொண்டே உட்காருவார்.

"எப்படிங்க இருக்கு?" என்பாள் அந்துவானேத், சீட்டை வெளிச்சத்தில் பிடித்து.

"அந்தப் பொண்ணு கொன்னெடுக்குறா."

"பொறுத்துக்குங்க. நம்ம ஜூலியேத்துக்காகத்தானே?"

அப்போது மட்டும் மொரீஸுக்கு நெஞ்சில் ஏதோ குத்தும். மகளுக்காகப் படாத வலியைப் பட்டதாகச் சொல்கிறோமே என்று. ஆனாலும் மறுநாள் அதே மெத்தை, அதே வாசல், அதே ஸாவ்.

பதினைந்தாம் நாள். ஸீட் சாதாரண மனிதன் உட்காரும் உயரத்துக்கு வந்திருந்தது. போலீஸ்காரருக்குப் பயந்து மொரீஸ் ஏறி உட்கார்ந்ததுமே வண்டி திடீரென்று முன்பக்கம் அமிழ்ந்தது.

"தி ஙே பாலத்துக்கு அந்தாண்ட. தையக்கடை. சீக்கிரம் போ" என்றது பழகிய குரல்.

கப்ரியேல்!

சிக்ளோவில் ஒரு சௌகரியம், சவாரிக்கு வண்டிக்காரன் முகம் தெரியாது. மொரீஸ் தொப்பியை இன்னும் இழுத்துக்கொண்டு மிதித்தார். சைகோன் முழுக்கத் தையற்காரன் இருக்க, இந்த ஆளுக்குப் பாலம் தாண்டித்தான் தைக்க வேண்டுமா? அதிலும் என்ன தைக்கப் போகிறார்?

சந்தேகத்தைக் கப்ரியேலே தீர்த்துவைத்தார். வண்டிக்காரனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

"கறுப்புக் கோட்டு. பெரிய பட்டன். நான் ஜூலியேத்தைக் கைபிடிச்சுக் கூட்டிக்கிட்டு நடந்தா கோயிலே எழுந்து நிக்கும். மொரீஸ் பாவம், நொண்டி... ஓரமா ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துட்டா உக்காந்து பார்ப்பான்."

பாலத்தின் ஏற்றம் தொடங்கியது.

"நாற்காலியா?" என்று மொரீஸ் பல்லுக்குள் சொன்னார். ஒரு மிதி. "ஓரமாவா?" இன்னொரு மிதி. நூறு கிலோவையும் அதற்கு மேலே உள்ள ரகசியத்தையும் தள்ளிக்கொண்டு வண்டி ஏறியது. இரண்டு காலும் மாறி மாறி முழு வட்டம் சுற்றின. உச்சியில் வேர்வை கண்ணை மறைத்தது. இறக்கத்தில் கப்ரியேல் வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டார்.

தையற்கடை வாசலில் இறங்கியவர் திரும்பி முகத்தைப் பார்க்க முயன்றார். மொரீஸ் சட்டென்று ஸீட்டிலிருந்து இறங்கி, சங்கிலியைச் சரிபார்க்கிற சாக்கில் சக்கரத்துக்குப் பின்னால் பதுங்கினார். காலடிச் சத்தம் உள்ளே போய் அடங்கியது.

அப்புறம்தான் கவனித்தார். குந்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலையும் மடக்கி, தரையோடு தரையாக.

எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். எழுந்தார். தெருவில் போன ஒரு பெண், வெயிலில் யாருக்கோ மூளை கலங்கிவிட்டது என்று ஒதுங்கிப் போனாள்.

கலியாணத்தன்று தடியில்லாமல் கோயில் வாசலில் நின்றார். ஜூலியேத் அவர் கையைப் பிடித்தாள்.

"பப்பா, மெதுவா நடப்போமா?"

"எனக்காகவா?"

"இல்ல. எனக்குத்தான் காலு நடுங்குது."

பீடம்வரை அவர்தான் அவளைத் தாங்கிக்கொண்டு போனார். முழந்தாளிட்டபோது கண்ணில் நீர் வந்தது. வலியினால் இல்லை. கப்ரியேல் மூன்றாம் வரிசையில், பழைய பழுப்புக் கோட்டில், எல்லோருக்கும் முந்தி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு என்ன ஆயிற்று என்று கேட்க மொரீஸுக்கு அப்போது தோன்றவில்லை.

பூசை முடிந்து படியில் இறங்கியதும் திக்கென்றது. ஹான் நின்றிருந்தாள். பக்கத்தில் துவைத்த சட்டையோடு ஸாவ், நிமிர்ந்த முதுகோடு. அந்துவானேத் அழைத்திருக்கிறாள்! விருந்தாளிகளை வரவேற்க அவள் நகர்ந்த நேரம் பார்த்து மொரீஸ் ஹானிடம் ஓடினார். உண்மையாகவே ஓடினார்.

"மத்மோசேல், மன்னிக்கணும். முதல் நாளுக்கப்புறம் நான் உள்ளயே வரல."

"தெரியும் முசியே. ஜன்னல் வழியாப் பார்த்தேனே. ஸீட்டை விரல் விரலா இறக்கச் சொன்னதும் நான்தான். அந்தப் போலீஸ்காரன் என் தம்பி."

மொரீஸ் ஸாவின் பக்கம் திரும்ப, அவன் தன் சட்டைப் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க காலுக்கு வேலை வேணும், இவருக்கு வைத்தியம் வேணும். கம்பெனிக்காரருக்குச் சீட்டு இருக்கு, சிக்ளோக்காரருக்கு முதுகுவலி மட்டும்தான் இருக்கு. உங்க புண்ணியத்துல இந்த ஊர்ல ஒரு முதுகு நிமிர்ந்துச்சு."

கோபப்பட நினைத்தவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஸாவின் தோளைப் பிடித்து இழுத்து, காதருகே குனிந்தார்.

"போனது போகட்டும். இது மட்டும் என் பொண்டாட்டிக்குத் தெரியவே கூடாது. பதினஞ்சு முத்திரையையும் நம்பி உக்காந்திருக்கா, பாவம்."

ஸாவ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"கடைசி நாள் பாலம் ஏத்தக் கனமான சவாரியா ஒண்ணு வேணும்னு இந்தம்மா கேட்டப்ப, தன் அண்ணனுக்கு வசனம் சொல்லிக் குடுத்து அனுப்பினதே உங்க வீட்டம்மாதானே ஐயா!"