பிரேக் மாற்றிய விவரம் மாப்பிள்ளைக்கு

இராஜபாளையம்,
திங்கட்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அலெக்ஸ் அவர்களுக்கு மாமனார் நேசையன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், தங்கள் காரும் சுகம். அங்கே தங்கள் சுகத்துக்கும் வேலைக்கும் தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள் என்பதால்தான் கடிதம். மகள் பிளஸ்ஸிக்கும் காருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரேக்கை மிதித்தாலே கார் கிரீச்சிட்டது. மெக்கானிக் தவசிமுத்து பார்த்துவிட்டு, "முன்பக்கம் பேட் தேஞ்சு வெறுந்தகடாயிட்டு அண்ணாச்சி, டிஸ்க்கும் வரி வரியா அறுத்திருக்கு. ரெண்டையும் மாத்தணும்" என்றார். புது சாமான் வாங்கிவைத்தேன். அவரோ மகள் கல்யாணம் என்று ஆலங்குளம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளஸ்ஸிக்கு அரசுத் தேர்வு. காலை ஒன்பது மணியைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். பஸ்ஸில் போகலாம் என்றாள் தங்கள் அத்தை தேவகிருபை. முப்பது வருடம் மில்லில் மெஷின் ஓட்டியவனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் நானே ஸ்பேனரை எடுத்தேன்.

சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டுமாம். நான் முதலில் தூக்கிவிட்டதால் நட்டைத் திருகினால் சக்கரமே சுற்றியது. பிளஸ்ஸியைக் காருக்குள் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மடியில் புத்தகத்தோடு மிதித்தாள். பழைய டிஸ்க் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் நான் அடித்த அடியில், "காரை ஒடைக்கீயளா, மாத்துதீயளா?" என்று தேவகிருபை ஓடி வந்தாள். அப்புறம் கழன்றது. புது டிஸ்க்கில் இருந்த எண்ணெயைப் பக்கத்துப் பேண்டேஜ் கம்பெனித் துணியால் துடைத்து, பேட்களைப் பொருத்தி, மறுபக்கமும் முடித்தபோது மத்தியானம் மூன்று மணி.

பிளஸ்ஸியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெருமையோடு காரை வாசலிலிருந்து பின்னால் எடுத்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் அப்படியே தரையில் போய் ஒட்டிக்கொண்டது! தெரு சரிவு. கார் எதிர்வீட்டு அழகியமணவாளனின் புது ஸ்கூட்டரை நோக்கி உருண்டது. நான் கர்த்தரைக் கூப்பிட்டேன்; பிளஸ்ஸி கைபிரேக்கை இழுத்தாள். ஸ்கூட்டருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அழகியமணவாளன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "புது பேட் போட்டா வண்டியை நகத்தும் முன்னாடி பெடலைப் பத்துத் தடவை மிதிக்கணும் சார். அப்பதான் பேட் டிஸ்க்கைத் தொடும்" என்றார். மிதித்தேன். கல்லுப்போல இறுகியது. தெருவிலேயே அவர் முன்னால் நடக்க, மெதுவாக ஓட்டி ஓட்டி இருபது தடவை நிறுத்திப் பார்த்தோம்.

மறுநாள் தேர்வுக்குப் போகும்போது, மம்சாபுரம் ரோடு பிரியும் விலக்கில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. மிதித்தேன். சத்தமே இல்லாமல் நின்றது. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டு வந்த தேவகிருபை, "ஏன் நின்னுட்டோம், பிரேக் போயிட்டா?" என்றாள்.

"போகலட்டி, பிடிச்சிட்டு!"

எட்டேகாலுக்கே பிளஸ்ஸியை இறக்கிவிட்டோம். அவள் உள்ளே போன பிறகுதான் காரை விட்டு இறங்கினேன். இரண்டு டீ குடித்தேன். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள்.

இனி என் ஆயுளுக்கும் ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று தேவகிருபையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தங்களைக் கர்த்தர் கண்ணின் மணிபோலக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
நேசையன்.

பி.கு.: இப்போதுதான் போதகர் ஐயா வந்துவிட்டுப் போனார். ஆலய வேனிலும் பிரேக் சத்தமாம். வருகிற சனிக்கிழமை ஜாக்கியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தங்கள் அத்தைக்கு இன்னும் தெரியாது.