தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் மூட்டம்

"ஆளோட சைஸுக்குச் சாமான் வாங்கும்மா. அந்தப் பெருச நீ தூக்குவியா, இல்ல அது உன்னத் தூக்குமா?"

எங்கள் பறவை பார்க்கும் குழுவின் தலைவர் குமரேசன் அங்கிள் இப்படிக் கேட்டபோது நான் சிரித்து மட்டும் வைத்தேன். (பதில் இல்லாமல் இல்லை. மனத்துக்குள் ஒரு முழு உரையே தயாராக இருந்தது.) எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து, பல்கலைக்கழகமும் போய்வந்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு செம்பனைத் தோட்ட வேலைக்குப் போனவர். அம்மா பள்ளிப் பக்கமே போகாதவர். ஆகவே எனக்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் மிகக் குறைவு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மூவார் பக்கத்துச் சேற்றுக் கடற்கரைக்கு உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக வலசை வரும். சிலவற்றின் காலில் சின்னப் பிளாஸ்டிக் கொடி இருக்கும். அதிலுள்ள மூன்று எழுத்தையும் படித்துவிட்டால் அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கரைக்கு ஒரு கணக்கெடுப்பாளர் தேவைப்பட்டார். "கொடி எழுத்த யாரு படிக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் அந்த இடம்" என்று அங்கிள் அறிவித்திருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும்.

அங்கிளின் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) அறுபத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். அதில் கொடியின் நிறம் தெரியும், எழுத்து தெரியாது. நான் ஒரு மாதம் படித்து, ஒப்பிட்டு, தொண்ணூற்றைந்தைத் தேர்ந்தெடுத்தேன். லென்ஸ் பெரிதானால் வெளிச்சம் கூடும்; எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் மங்காது. இதை அம்மாவுக்கும் விளக்கினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "பாத்துப் பத்திரமா வச்சுக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா எங்கள் பழைய காரில் என்னைக் கூட்டிப்போனார். வழி முழுக்கக் குண்டும் குழியும். ஸ்கோப்பை மடியில் குழந்தைபோல் வைத்திருந்தேன்.

வரப்பில் நின்றிருந்த அங்கிள் எங்களைக் கண்டதும் கூவினார்: "வெள்ளைக் கொடி! ஒத்தக் கால்ல நிக்குது! எங்க, உன் பீரங்கியக் கொண்டா!"

அவசரமாக முக்காலியை நிறுத்தி, பின்னாலிருந்தே கையை நீட்டி மூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். கடல் முழுக்க ஆரஞ்சு நிறக் கலங்கல். பறவைகள் சாம்பாரில் மிதக்கும் கத்தரிக்காய்களாகத் தெரிந்தன.

அங்கிளும் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"புகைமூட்டம் அங்கிள். சுமத்ராவுல காடு எரியுதுல்ல."

"என்னோடதுல பளிச்சுன்னு இருக்கே?"

"உங்களது சின்ன லென்ஸ். பெரிய லென்ஸ் வெளிச்சத்த நெறைய இழுக்குற மாதிரி மூட்டத்தயும் நெறைய இழுக்கும்."

(இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவரைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.)

நான் திருகாத திருகு இல்லை. கலங்கல் மட்டும் மாறவில்லை. அதற்குள் அப்பா சும்மா இருக்கமாட்டாமல் ஸ்கோப்பின் முன்பக்கம் போய் நின்றார்.

"அலமாக்! பாப்பா, இது பட்ட போட்டிருக்கே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். லென்ஸில் மூன்று விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கார் குலுங்கியதில் எல்லாம் பொடிப்பொடியாகிக் கண்ணாடி முழுக்கப் பரவியிருந்தது.

கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டேன். (ஸ்பீக்கரில் போட்டது அன்றைய இரண்டாவது தவறு.)

"ஆமா, நாந்தான். நீ குளிக்கப் போனப்ப வச்சேன். புதுச் சாமான்ல? ஊரு கண்ணு படாதா?"

"கண்ணாடியிலயாம்மா வைப்பாங்க?"

"காருக்கு மட்டும் எங்க வச்சோமாம்? முன்கண்ணாடியிலதான? அழியாம இருக்கணும்னு மூடியக்கூட நல்லா அழுத்தி மூடுனேன் லா!"

அங்கிள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் எழுந்திருக்க முடியவில்லை. நான் சட்டை நுனியால் துடைக்கப் போனதும்தான் துள்ளி எழுந்தார். "தேய்க்காத! கீறல் விழும்! தண்ணிய ஊத்து!"

அப்பா குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். சொட்டச் சொட்டக் குனிந்தேன். வெள்ளைக் கொடி, அதில் 'கே' என்ற எழுத்து. அவ்வளவுதான், அலை ஏறிவிட்டது. கூட்டம் மொத்தமாகப் பறந்துபோனது.

"மூணு எழுத்துல ஒண்ணு," என்றார் அங்கிள். "மிச்சம் ரெண்ட மூட்டம் இழுத்துக்கிச்சு போல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு எது கண்ணில் படாவிட்டாலும் சுமத்ராதான் காரணம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டே அதைத் தேடும் அப்பா, "புகைமூட்டம் பாப்பா" என்கிறார். குழம்பில் உப்புக் குறைந்தால் அம்மா, "பெரிய சட்டி, இழுத்துக்கிச்சு" என்கிறார்.

பொட்டு வைக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிப்பார்த்தேன். "அப்ப அது நம்ம வீட்டுச் சாமான் இல்லியா?" என்று கேட்டார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. ஆகவே லென்ஸுக்கு முன்னால் திருகிப் பொருத்தும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதில் தாராளமாகப் பட்டை போடுகிறார்.

நேற்று மறுபடியும் மூவார் போனோம். முதல் வேலையாக ஸ்கோப்பின் முன்பக்கம் போய், பொட்டுக் கண்ணாடியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தீபாராதனைத் தட்டுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். பின்பக்கம் வந்து குனிந்தேன்.

"எழுதிக்குங்க அங்கிள்," என்றேன். "மூணு எழுத்தும்."