நாற்பத்தொரு முறை கூப்பிட்ட போர்டு

நான் என் கையாலேயே செய்த முதல் கைப்பேசி என் அம்மாவை நாற்பத்தொரு முறை கூப்பிட்டது. ஒரு முறைகூடப் பேசவில்லை. அதனால் நான் உயிரோடிருக்கும்போதே என் சாவுக்கு நானே போய் நிற்க வேண்டியதாயிற்று.

அப்போது கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில் இருந்தேன். (விட்டேன் என்று நான் சொல்வேன். கம்பெனியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.) அக்காவின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார்கள். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. உள்ளே நான் மட்டும்.

உலகத்தில் சில புண்ணியவான்கள் கைப்பேசிக்குள் இருக்கும் போர்டை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடத்தை இணையத்தில் போட்டுவைக்கிறார்கள். வெறும் பச்சைத் தகடு தபாலில் வரும். சிப்புகளை நாமே பற்றவைத்து, சிம்மைச் செருகி, புரோகிராமும் எழுதிக்கொள்ள வேண்டும். உலகமே திரும்பிப் பார்க்கப்போகிற போனைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அதில் இறங்கினேன். உண்மையில், காலையில் எழுந்ததும் செய்வதற்கு எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

எள்ளைவிடச் சிறிய பாகங்களை இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். பெருமூச்சு விட்டால் பறந்துவிடும். அந்த நாட்களில் பெருமூச்சுக்கா பஞ்சம்? பால்காரரிடம் "அரை லிட்டருங்க" என்பதுதான் நாள் முழுவதற்குமான பேச்சு. மூன்றாவது வாரம் அவரும் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போக ஆரம்பித்தார். பிறகு சிப்புகளோடு பேசத் தொடங்கினேன். "கொஞ்சம் தள்ளி உக்காரு சாமி" என்று ஒன்றிடம் கெஞ்சியது நினைவிருக்கிறது.

ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. என் போனிலிருந்த சிம்மைக் கழற்றிப் போர்டில் போட்டேன். மின்சாரம் வந்ததும் ஒரு எண்ணை அழைக்க வேண்டும். அழைப்பு அறுந்தால் மறுபடி அழைக்க வேண்டும். இதுதான் புரோகிராம். யாருடைய எண்ணைக் கொடுப்பது? போனில் இருந்த முந்நூறு பெயர்களையும் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். வேலை நாளில், காரணமில்லாமல் கூப்பிட்டால் "என்ன விஷயம்?" என்று கேட்காத ஆள் அதில் ஒருவர்கூட இல்லை. அம்மாவின் எண்ணை அடித்தேன்.

சுவிட்சைப் போட்டேன். ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டியது. திரை வரவில்லை, சத்தமில்லை. செத்த போர்டு என்று முடிவுகட்டினேன். பசியும் அழுகையும் சேர்ந்து வர, சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பக்கத்து ஊரான வேலந்தாவளத்துக்கு ஸ்கூட்டரில் சாப்பிடப் போனேன்.

அன்று மாட்டுச் சந்தை. சாப்பிட்டு வெளியே வந்ததும் ஒரு பெரியவர், "ஏனுங்க தம்பி, மாடு பாக்க வந்தீங்களா?" என்றார். ஒரு மனிதர் என்னிடம் கேள்வி கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் மாடு மாடாகப் பல் பிடித்துப் பார்த்தேன். ஒரு செவலைப் பசு சரியில்லை என்று அபிப்பிராயம் வேறு சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசல் முழுக்கக் கூட்டம். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைசியில் நின்ற அம்மாளிடம் "என்னாச்சுங்க?" என்றேன்.

அவர் திரும்பாமலே சொன்னார். "அந்த ஊட்டுப் பையன் கரண்டடிச்சுப் போயிட்டானாமா. பாவம், தனியாக் கெடந்தான்."

"அடப்பாவமே!" என்றேன். யாருக்காக என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

நடந்தது இதுதான். போர்டு சாகவில்லை, திரை மட்டும்தான் செத்திருந்தது. அழைப்பு சேர்ந்ததும் அதற்கு ஒரு வாய் மின்சாரம் கூடுதலாக வேண்டும். நான் கொடுத்த மின்சாரம் போதாமல் மயங்கி விழும், எழும், மறுபடி அம்மாவை அழைக்கும். அம்மா எடுத்து "கண்ணு" என்பதற்குள் அறுந்துவிடும். அம்மா திருப்பி அழைத்தால், நான் 'பரிதிக்குப் புறத்தே', அதாவது தொடர்பு எல்லைக்கு வெளியே, இருப்பதாக மலையாளத்தில் ஒரு பெண்குரல் சொல்லும். தோப்பில் தனியாக இருக்கும் மகன் உயிர் போகிற நேரத்தில் கூப்பிடுகிறான் என்று அம்மா எப்படி நினைக்காமல் இருப்பாள்? பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமி அண்ணனுக்குப் போன் போட்டு அலறியிருக்கிறாள்.

அண்ணன் கடப்பாரையால் தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே போய், மேசையில் சிமிட்டிக்கொண்டிருந்த போர்டைக் கண்டு, காய்ந்த மூங்கிலால் ஒரே அடி. இரண்டு துண்டு. நான் உள்ளே இல்லை என்று அவர் தேடி முடிப்பதற்குள் வாசலில் செய்தி பரவிவிட்டது.

"கரண்டுப் பொருளைக் கையில தொடப்படாதுங்க தம்பி. அதான் அடிச்சுப்போட்டேன்" என்றார், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டே. இத்தனை வாரங்களில் என்னைத் தொட்ட முதல் மனிதர் அவர். கோபப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை.

கார் வந்து நின்றது. அம்மா இறங்கி ஓடிவந்து, என் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, உயிர் இருப்பது உறுதியானதும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எதுக்குடா அத்தனை தடவ கூப்பிட்டே?"

"நான் கூப்பிடலம்மா. போர்டுதான் கூப்பிட்டுது."

"போர்டுக்கு என்ற நம்பர் எப்படிறா தெரியும்?"

நான் ஸ்கூட்டரை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அக்காவும் குழந்தையும் அங்கே காத்திருந்தும் அம்மா அன்று பொள்ளாச்சிக்குத் திரும்பாமல், வந்திருந்த அத்தனை பேருக்கும் காபி போட்டாள். தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் சாயங்காலம்வரை ஆள் நடமாட்டம். அந்தச் செவலைப் பசுவைப் பற்றி எல்லோரிடமும் சொன்னேன்.

பிறகு வேறு போர்டு செய்தேன். அது பேசியது. "ஹலோ அம்மா" என்றதும் அந்தப் பக்கமிருந்து வந்த முதல் கேள்வி, "பேசறது நீயா, போர்டா?"

இன்றும் என் போனை எடுத்தால் அம்மா அதைத்தான் கேட்கிறாள். இரண்டு நாள் நான் அழைக்காவிட்டால் அப்பா, "இவனுக்கு அந்தப் போர்டே தேவலை" என்கிறார். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் மனைவி என் போனிலிருந்து, பொள்ளாச்சியில் அக்கா வீட்டிலிருந்த அம்மாவை அழைத்து, அங்கிருந்த எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"அத்தை, நானு போர்டு ஊட்டுக்காரி பேசறேனுங்க!"