அமுக்கு அண்ணனும் சாஞ்சுபோன கல்யாணக் காரும்

மதுரையில ஓடுன அம்புட்டுக் காருக்கும் எங்கிட்டு வலிக்குதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே மனுசன் எங்க அமுக்கு அண்ணேதேன். செல்லூர்ல எங்க தெருவுல வாடகைக் காரு ஓட்டுனாரு. சொந்தப் பேரு யாருக்குந் தெரியாது. எந்தக் காரைக் கண்டாலும் மூலையில கைய வச்சு ஒரு அமுக்கு. எந்திரிச்சுக் கம்முனு நின்னாச் சரி. குதிச்சுக்கிட்டே கெடந்தா, “சாக்கப்சர் போச்சு!”ம்பாரு. காரோட நின்னாரா? எங்க மாமா தொந்திய ஒருநா அமுக்கிட்டு, “இன்னும் ஆடுதே மாமா, மாத்தணும்”னாரு பாருங்க!

பள்ளத்துல விழுந்தா டொக்குங்குதா, பிரேக்குப் போட்டா முன்னாடி குனிஞ்சு மூக்கால குத்துதா, டயரு ஒரு பக்கமாத் தேயுதான்னு மீன் வாங்கிட்டு வர்றவுகளையும் நிறுத்தி வச்சுக் கேப்பாரு. மீனு நாறிப்போகும், இவரு விடமாட்டாரு.

என் கல்யாணத்துக்கும் அவரு காருதேன். மண்டபம் சிம்மக்கல்லுல, ஆத்துப் பாலத்தைத் தாண்டுனா வந்துரும். நான் பட்டுச்சேலையோட ஏறி உக்காந்தேன். எங்க அத்தை நல்லா வாட்டசாட்டமான பொம்பள, எடப்பக்கமா ஏறுச்சு. அண்ணே வண்டிய எடுக்கல. பின்னாடி போயி ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தாரு.

“வண்டி எடப்பக்கம் சாயுது. அத்தே, அங்கிட்டு மாறி உக்காருங்க.”

“முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, என்னைய என்ன எடைக்கல்லுன்னு நெனச்சியா?”

திட்டிக்கிட்டே மாறுச்சு. அப்பயும் வண்டி எடப்பக்கந்தேன் சாஞ்சுச்சு.

“அத்தை மேல குத்தமில்லப்பா! அடியில வண்டியத் தாங்குற வில்லுப்பட்டை ஒடைஞ்சிருக்கு!”

“ஊரு வண்டியெல்லாம் அமுக்குறவரு சொந்த வண்டிய அமுக்கலையாக்கும்?”னு அத்தை கேட்டுச்சு.

“நேத்து வரைக்கும் நல்லாத்தேன் இருந்துச்சு. சீர்ச் சாமானோட டிக்கியில ஆட்டுக்கல்ல ஏத்துனது யாரு?”

அத்தை சன்னல் பக்கமாத் திரும்பிக்கிச்சு. ஆட்டுக்கல்லு அது குடுத்த சீரு!

முகூர்த்த நாளுல வேற காருக்கு எங்கிட்டுப் போறது? எங்கப்பா, “நல்ல நேரம் போகுதுய்யா!”ன்னு கத்துறாக.

“பாலத்துல வச்சுப் பட்டை கழண்டா, பொண்ணு ஆத்துக்குள்ளதேன் போகும். சும்மா இருங்க சித்தப்பா!”

வெள்ளை வேட்டியோட வண்டிக்கடியில புகுந்து, கட்டையக் குடுத்துக் கயித்தால இறுக்கிக் கட்டிட்டு வந்தாரு. அப்புறம் ஓட்டுனாரு பாருங்க ஒரு ஓட்டு! மேளக்காரவுக எங்களைத் தாண்டிப் போயிட்டாக. ஒரு கிழவி முருங்கைக்காக் கட்டோட தாண்டிப் போச்சு. அத்தை சாமியெல்லாம் கூப்பிட, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, கண்ணு மையெல்லாம் வழிஞ்சுபோச்சு.

ஐயரு, “பொண்ணக் கூப்பிடுங்கோ!”ங்கயில போயி எறங்குனோம். தாலி ஏறிருச்சு.

பந்தி போடயில அண்ணனத் தேடுனா ஆளக் காணோம். பொண்ணு மாப்ளயப் பத்திரமா வீட்டுல விடணும்னு, திரும்பவும் வண்டிக்கடியில படுத்துக் கயித்த இறுக்கிக்கிட்டு இருந்தாராம். மாப்ள வீட்டுக்காரவுக முறைச்சா முறைக்கட்டும்னு, முத இலைய அண்ணனுக்கு அந்த வண்டிக்குப் பக்கத்துலதேன் போடச் சொன்னேன்.