பதறுவதற்கு ஆள் வைத்த திராங்கில் முசே

ஷேர் மார்க்கெட் தலைகுப்புற விழும் நேரத்தில் இட்லியை நிதானமாகச் சட்னியில் தோய்த்துச் சாப்பிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் புதுச்சேரியில், என் எதிர்வீட்டு மாடியில் இருக்கிறார். கோட்டு மாட்டிக்கொண்டு டிவியில் 'பதறாதீர்கள்' என்று பதற்றத்தோடு சொல்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் வந்து ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருக்கும். தெருவுக்கு அவர் திராங்கில் முசே. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. 'முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா, 'திராங்கில்' என்றால் 'அமைதியா இரு' என்று அர்த்தமாம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் திராங்கில் என்பார். நாய் கடித்தாலும் திராங்கில் என்பார். கடிபட்டவன் நான்.

பிறவியிலேயே அவர் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் திரும்பி ஷேர் வாங்க ஆரம்பித்த புதிதில் அவரைப்போல் பதறியவர் யாருமில்லை. பால் பொங்கினாலே ஓடுகிறவன் நான். நானே அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். ரிமோட்டைத் தூக்கி அடித்தே இரண்டு டிவியை உடைத்தார். கடைசியில் ஒருநாள் ஏதோ ஒரு பேங்க் ஷேர் விழுந்தது. கூடவே முசேயும் விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். 'இன்னொரு தடவை இப்படிப் பதறினால் என்னைப் பார்க்க வர வேண்டிய அவசியம் இருக்காது' என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவியை எல்லாரும் மதாம் என்போம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மதாம் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, எனக்கு ஷேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க உசுரோட இருந்தா போதும். அந்த லேப்டாப்ப மூடுங்க."

"அத மூடிட்டா காலைல எழுந்து நான் என்னா பண்றது? சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தாலும் அதே சாவுதான்."

 மதாம் தீர்ப்புச் சொன்னார்.

"சரி, பண்ணுங்க. ஆனா ஒரு சொட்டு வேர்வை பாத்தேன், லேப்டாப் கெணத்துல கெடக்கும்."

அன்றிலிருந்துதான் முசே அமைதியைத் தேட ஆரம்பித்தார். முதலில் ஐஸ் போட்ட பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு வியாபாரம் பார்த்தார். அதில் ஜலதோஷம் பிடித்தது. பிறகு சின்ன வெங்காயம் உரித்தால் மனம் ஒருநிலைப்படும் என்று யாரோ சொல்ல, உரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்த மதாம் நஷ்டம் என்று நினைத்து, லேப்டாப்பைக் கிணற்றடி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அதன் பிறகு சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் தெரியட்டும் என்று கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். விற்க வேண்டியதை வாங்கி, வாங்க வேண்டியதை விற்றார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த மாதம் லாபம்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, மார்க்கெட் விழுந்தா யாராவது பதறித்தானே ஆவணும்? அது ஏன் நானா இருக்கணும்?"

"எங்க வீட்டுல நான் பதறிக்கிட்டுத்தானே இருக்கேன் முசே?"

"ஒன் பதட்டம் ஒனக்கே பத்தல. பிரான்சுல நாய வாக்கிங் கூட்டிட்டுப் போறதுக்கே சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்கான். பதற ஒரு ஆள் வச்சா என்னா தப்பு?"

மறுநாளே ஆள் வந்துவிட்டது. குருசுக்குப்பத்து அஞ்சலை. காலையில் மீன் விற்பாள். சாவு விழுந்த வீடுகளுக்கு ஒப்பாரி பாடப் போவாள். அவள் வாயைத் திறந்தால், செத்தவரோடு பத்து வருடம் பேசாமல் இருந்த பங்காளியும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுவான். மாடிக்கு வந்தவள் முறைப்படி தரையில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தாள்.

"போனது யாரு முசே?"

"சிமெண்டு கம்பெனி."

"வயசு?"

"நான் வாங்கி ஆறு மாசம் ஆவுது."

"ஐயையோ, பச்சப்புள்ள!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"மாடி மேல மாடி கட்ட மூட்டையாப் போனியே,
என் சிமெண்டு ராசாவே, மண்ணோடு மண்ணா ஆனியே!"

நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு ஷேர்கூடக் கிடையாது. முசே மட்டும் சந்தனம் பூசிய மாதிரி குளிர்ந்த முகத்தோடு இட்லியை விண்டுகொண்டிருந்தார்.

"பிரமாதம். எறங்கினா இது. ஏறினா?"

"ஏறினா கொலவ போட்டுடறேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."

இப்படியாக முசேயின் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் சேர்த்து அஞ்சலை மாதச் சம்பளத்தில் அமர்ந்தாள். மார்க்கெட் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும் நாட்களில் மாடியிலிருந்து குலவையும் ஒப்பாரியும் மாறி மாறி வரும். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி என்னிடம் கேட்டார்.

"அண்ணே, மேல கல்யாணமா, கருமாதியா?"

"பதினொண்ணு வரைக்கும் கல்யாணம்பா. இப்பதான் கருமாதி ஆயிடுச்சு."

முசே சொட்டு வேர்வை இல்லாமல் தேறிவந்தார். அஞ்சலைதான் இளைத்துப்போனாள். "அந்த மருந்து கம்பெனிய வித்துத் தொலைங்க முசே, எனக்குச் சோறு எறங்கல" என்று கெஞ்சுவாள். தெருவும் பழகிவிட்டது. மார்க்கெட் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தெந்தப் பண்டிகைக்கு லீவு என்பதெல்லாம் இஸ்திரி போடுகிறவருக்குக்கூட அத்துப்படி. மார்க்கெட் நாளில் ஒப்பாரி கேட்டால் யாரும் தலையைத் திருப்புவதில்லை.

வினை அங்கேதான் இருந்தது.

அன்று காந்தி ஜெயந்தி. மார்க்கெட் லீவு. சாராயக்கடையும் லீவு என்பதால் தெருவிலிருந்த ஆண்கள் அனைவரும் வேறு வழியில்லாமல் வீட்டில் இருந்தார்கள். மதாம், கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். நான் சாப்பிட உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்ட நேரம், எதிர் மாடியிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"சீம பாத்த தொரையே, செவந்த மொகம் சாஞ்சியே,
கண்ண மூடிப் போனியே, கரையேற மாட்டியே!"

கை அப்படியே நின்றுவிட்டது. மார்க்கெட் லீவு நாளில் ஒப்பாரி என்றால் அது யாருக்காக இருக்க முடியும்?

வெளியே வந்தால் தெருவே நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் மாடி ஏறவில்லை. சாவு வீட்டில் முதலில் உள்ளே போகிறவர் முதலில் அழ வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டோம். ஒருவர் ஷாமியானாவுக்குச் சொன்னார். ஒருவர் ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டார். மதாமுக்கு யாரோ தகவல் சொன்னார்கள். தெருமுனை ரசிகர் மன்றத்துப் பையன்கள் கறுப்புக் கண்ணாடி போட்ட முசேயின் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' பேனரே அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். லீவு நாளில் எப்படி அடித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே ஏசியின் சத்தத்திலும் அஞ்சலையின் சத்தத்திலும் இது எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. அவள் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரத்தில், பால்கனிக் கதவு திறந்தது. முசே வந்து எட்டிப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார், பேனரை முழுக்கப் படித்தார்.

"போட்டோ நல்லாருக்கு. வயசுதான் ரெண்டு கூடப் போட்டுட்டீங்க."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "யோவ் முசே! இன்னைக்கு மார்க்கெட் லீவுய்யா! அந்தம்மா எதுக்கு அழுதுது?"

"நம்ம மார்க்கெட்டுதானே லீவு? பாரிஸ் மார்க்கெட்டுக்குக் காந்தி ஜெயந்தி ஏது தம்பி? அங்க எனக்கு ஒரு ஒயின் கம்பெனி ஷேர் இருக்கு. தொறந்ததுலேர்ந்து எறங்குமுகம். திராங்கில், திராங்கில்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. மதாம் இறங்கினார். காலில் செருப்பு இல்லை. பந்தலைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். பால்கனியை அவர் பார்க்கவே இல்லை. ஒரு சத்தமும் போடாமல் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் முசே ஓடுவதை நான் பார்த்தேன். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, ஐஸ் பெட்டியில் முட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ராஜேஸ்வரி! ராஜி! நான் இருக்கேன்டி! இங்க பாருடி, இருக்கேன்டி!"

மதாமின் பெயர் ராஜேஸ்வரி என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு முசே அழுதார். வாய்விட்டு, உடம்பு குலுங்க, தெருவே பார்க்க அழுதார். பால்கனியில் நின்ற அஞ்சலை மூக்கைச் சிந்திக்கொண்டு, "இப்படி அழத் தெரிஞ்ச மனுசன் எனக்கு எதுக்கு மாசா மாசம் சம்பளம் குடுத்தாரு?" என்றாள்.

கடைசியில் மதாமுக்கும் குரல் வந்தது. "அந்த லேப்டாப்ப உங்க கூடவே வச்சு எரிச்சிடணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்யா வழியெல்லாம்" என்று சொல்லி முசேயின் தோளில் நாலு அடி வைத்தார். பிறகு அதே தோளில் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, அழுதது நல்லதுதான் என்றார் டாக்டர். பாரிஸ் கணக்கை முசே மூடிவிட்டார். இப்போதும் காலையில் கொஞ்ச நேரம் வியாபாரம் உண்டு. பக்கத்தில் மதாம் உட்கார்ந்திருக்கிறார். இறங்கினால் திட்டுகிறார், ஏறினாலும் திட்டுகிறார். முசே இட்லி சாப்பிடுகிறார். அஞ்சலை மீன் கொண்டுவருவதோடு சரி, உடம்பு தேறிவிட்டது.

என்னைக் கேட்டால் பெரிய நஷ்டங்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் பதறியிருக்கிறேன். ஆனால் அந்த மத்தியானம் பந்தலின் கீழே நாற்காலியைப் பிரித்துப் போட்டபோது எனக்குப் பதற்றமே வரவில்லை. நாளைக் காலையில் கதவைத் திறந்தால் எதிர் மாடியில் இந்த மனுஷன் இருக்க மாட்டாரே, அப்புறம் எதற்காகக் கதவைத் திறப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.