அடிவயிறு அண்ணனும் என் வண்டி சீட்டும்

கோயமுத்தூர் ஜில்லாவில் இருக்கிற எல்லாக் கல்யாண மண்டபத்துச் சுவரையும் தட்டிப் பார்த்த மனிதர் ஒருவர்தான். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்து ஒரு மண்டபத்துக்காரர் காபி வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, "சொவரு நெம்ப மோசமுங்க" என்றார். மண்டபத்துக்காரர் முகம் வெளுத்துப்போனது.

அவர் முனிசிபாலிட்டி ஆள் இல்லை. எங்கள் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். தன் சத்தம் அந்தச் சுவரில் எப்படி எதிரொலிக்கும் என்று பார்க்கத்தான் தட்டுவார். பெயர் அடிவயிறு அண்ணன்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாட்டுக்கு அடியில் ஓடுகிற தடித்த சத்தம்தான் பேஸ். அது காதில் கேட்கக் கூடாது, அடிவயிற்றில் கேட்க வேண்டும் என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்வார். பெயர் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளில் நான் மைக் செட் வைத்திருந்தேன். குழுவுக்கு என் செட்தான், என் வண்டிதான். அண்ணனுக்குப் பகலில் கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிற வேலை. கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பார்.

"நல்ல மோட்டாரு காதுக்கு வராதுங் தம்பி. கால்ல வரும். என்ற கிட்டாரும் அப்பிடித்தான் வரோணும்."

"வந்தா?"

"வந்தா செத்துப் போலாமுங்க."

வரவில்லை. அதனால் எங்களைச் சாகடித்தார்.

பட்டறையில் தனியாக வாசித்தால் அந்தக் கிட்டார் நன்றாகத்தான் இருக்கும். மேடையில் டிரம்ஸும் தபேலாவும் சேர்ந்தால் காணாமல் போய்விடும். காரணம் எனக்குத் தெரியும். என் மிக்ஸரில் சத்தத்துக்கு மூன்று திருகு. ட்ரெபிள், மிடில், பேஸ். அண்ணனுக்கு மிடிலைக் கண்டால் ஆகாது.

"தம்பி, அந்த மிடிலக் கொறைங்க."

"கொறச்சா கூட்டத்துல கேக்காதுங்ணா."

"மிடிலு இருந்தா மூக்குல பேசறாப்பல இருக்குதுங்க. என்ற மாமனாராட்ட."

குறைத்தேன். கேட்கவில்லை. கேட்கவில்லை என்று என்னைத் திட்டினார். திட்டினாலும் ங்க போட்டுத்தான் திட்டுவார். "உங்களுக்குக் காது கீது இருக்குதுங்களா?"

கிட்டாருக்கு முப்பது அடி ஒயர் போட்டு வைத்திருந்தார். பாட்டு நடக்கும்போதே வாசித்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிவிடுவார். அங்கே எப்படிக் கேட்கிறது என்று பார்க்கத்தான். வெள்ளகோவிலில் ஒரு தடவை பந்திவரைக்கும் போய்விட்டார். இலைக்கு முன்னால் நின்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டார்.

"ஏனுங்காத்தா, வயித்துல ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"பசி தெரியுது கண்ணு. அக்கட்டால நகுரு, ரசம் வருது."

கம்பி பழசாகிச் சத்தம் செத்துவிட்டால் கழற்றி வெந்நீரில் வேகவைப்பார். உயிர் வரும் என்பார். வந்தது உண்மைதான். ஆனால் கல்யாண அடுப்பில் வேகவைப்பார். சமையல்காரர் கரண்டியோடு வந்து, சட்டிக்குள் இடியாப்பம் மாதிரிச் சுருண்டு கிடந்ததைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்த ஊரு சந்தகை?"

"தொடாதீங்க. இன்னம் வேகல."

இப்படி வேகவைத்துக் கூட்டின சத்தத்தை உடனே குறைக்கவும் செய்வார். கம்பி ரீங்காரம் போடக் கூடாதாம். அதற்குக் கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்சு செருக வேண்டும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஆகாது. கடையில் விற்கிற ஸ்பாஞ்சு ஆகாது. என் வண்டி டிரைவர் சீட்டு ஸ்பாஞ்சுதான் ஆகும் என்று கண்டுபிடித்தார். எனக்குச் சொல்லவில்லை. வாரம் ஒரு துண்டு அறுத்தார். ஆறு மாதத்தில் நான் வெறும் இரும்பின்மேல் உட்கார்ந்து பொள்ளாச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

"யாருங்ணா இப்பிடிப் பண்ணுனது?"

"எலியா இருக்குமுங்க."

"எலி பிளேடு வெச்சிருக்குமா?"

"இப்பத்த எலி. சொல்ல முடியாதுங்க."

இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போது குழு ஓனர் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கி வந்தார். அதில் வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ். அண்ணனைக் கூப்பிட்டார்.

"அடிவயிறு, இனி எடது கையே போதுமுங்க."

"அந்தச் சத்தம் வயித்துக்கு வராதுங்க."

"வயித்துக்கு வந்தா டாக்டரப் பாருங்க. கச்சேரிக்கு எதுக்குங்க?"

அண்ணன் கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஓனருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, கிணத்துக்கடவுக் கச்சேரில பாத்துப்போடலாம். மொதப் பாதி நீங்க. அடுத்த பாதி கீபோர்டு. வித்தியாசம் இருக்குதுன்னு கூட்டத்துல ஒருத்தரு சொன்னாப் போதும், நீங்க இருங்க. இல்லாட்டிப் பட்டறையப் பாத்துக்குங்க."

கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள் கல்யாண வரவேற்பு. சாயங்காலமே கூட்டம் சேர்ந்துவிட்டது. தட்டிப் பார்க்கச் சுவர் இல்லை. அண்ணன் நாலு தென்னை மரத்தைத் தட்டிவிட்டு வந்தார்.

மேடை, காலி எண்ணெய் டிரம்களின்மேல் பலகை போட்டது. அண்ணன் ஒரு கம்பியை இழுத்தார். டிரம் எல்லாம் சேர்ந்து கூட அலறியது. பாடகி காதைப் பொத்தினாள். அண்ணன் தன் ஸ்பீக்கர் பெட்டியை மேடையிலிருந்து தூக்கி மண்ணில் இறக்கினார். அடுப்புக்கு வைத்திருந்த தேங்காய் மட்டையை அள்ளி அடியில் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்தார். அலறல் நின்றது.

"தம்பி, மிடிலக் கொறைங்க."

தலையாட்டினேன். கூட்டினேன்.

முதல் பாதி நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பேஸ் வாசிப்பவரைப் பற்றி எந்தக் கூட்டத்தில் யார் சொன்னார்கள்? பெண்ணின் அப்பா, அந்தத் தோப்புக்காரர், முன்வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பின் கீபோர்டு. அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு பாட்டு போனது. யாரும் திரும்பவில்லை. இரண்டாவதும் போனது. கைதட்டினார்கள். ஓனர் மேடையிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் கிட்டாரை உறைக்குள் வைத்தார். ஜிப்பை மூடவில்லை.

மூன்றாவது பாட்டில் தோப்புக்காரர் எழுந்தார். குனிந்து காலைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங் தம்பி, கரண்டு கிரண்டு போச்சுங்களா?"

"இல்லீங்களே. லைட்டு எரியுதுங்களே."

"அப்பறம் எப்பிடிங்க கெணத்து மோட்டாரு நின்னுச்சு? இத்தன நேரம் ஓடிட்டிருந்துச்சே!"

கிணற்றைப் பார்த்து ஓடினார். பெண்ணுக்கு அப்பா ஓடினால் சொந்தக்கார ஒறம்பரை சும்மா இருக்குமா? பின்னாலேயே பத்துப் பேர் ஓடினார்கள். போட்டோக்காரரும் ஓடினார். பாட்டு நின்றுவிட்டது.

தோப்புக்காரர் மெதுவாகத் திரும்பி வந்தார்.

"மோட்டாரு காத்தால இருந்தே போடலையாமுங்க. ஆனா ஓடுச்சுங்க. என்ற கால்ல தெரிஞ்சுதே."

அண்ணன் எழுந்தார். உறையிலிருந்து கிட்டாரை எடுத்தார். ஒயரைச் செருகினார். தடித்த கம்பியை ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

தோப்புக்காரர் மறுபடியும் காலைப் பார்த்தார். "ஆங், வந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார்.

ஓனர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "அட கெரகமே" என்று அவர் சொன்னது தோப்பு முழுக்கக் கேட்டது.

வண்டியில் வரும்போது கேட்டேன்.

"வந்தா செத்துப் போலாமுன்னீங்களேங்ணா."

"அதுக்கென்னுங்க அவசரம்? வைகாசி பூரா முகூர்த்தம் இருக்குது." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார். "மிடிலக் கொறச்சுதானுங்க வந்துச்சு. நாஞ் சொன்னனா இல்லியா?"

"ஆமாங்ணா."

அதற்கப்புறமும் ஒவ்வொரு கச்சேரியிலும் குறைக்கச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டுக் கூட்டினேன். இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியும். திட்டட்டும்.

அந்த வாரமே வண்டிக்குப் புது சீட்டு போட்டேன். அடுத்த கச்சேரிக்குக் கிளம்பும்போது அண்ணன் சீட்டைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். கம்பிக்கு அடியில் பழைய ஸ்பாஞ்சு நைந்துபோய்க் கிடந்தது. ஏறி உட்கார்ந்தார்.

பிளேடை எடுத்தேன். புது சீட்டில் ஓர் ஓரமாக அறுத்துக் கொடுத்தேன்.